டர்போ காரில் சின்னக் குழாய் செய்யும் பெரிய சேட்டை



"டர்போ போய்விட்டது" என்று பட்டறைக்காரர் சொன்னால் நடுங்காத குடும்பத் தலைவர் உண்டா? டர்போ மாற்றுவதென்றால் ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் சேர்த்த பணம், பிள்ளையின் படிப்புக்கென்று வைத்த பணம், கூட்டுப் பிடித்து எடுத்த பணம், எல்லாம் ஒரே நாளில் பட்டறைக்குப் போய்விடும். ஆனால், உண்மையிலேயே டர்போதான் கெட்டுப்போயிற்றா? அல்லது அதன் பக்கத்தில் ஓடும், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் கிடக்கிறதா? இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு பிழைக்கும். சில வேளைகளில் ஓர் உயிரும் பிழைக்கும்.

முன்பெல்லாம் டர்போ என்றால் லாரிக்கும் பணக்காரர் காருக்கும்தான் என்றிருந்தோம். இன்று அப்படியில்லை. 2011-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த புரோட்டோன் எக்சோரா போல்டு, 2012-இல் வந்த பிரிவே, 2018-இல் வந்த எக்ஸ்70, 2020-இல் வந்த எக்ஸ்50, 2021-இல் வந்த பெரோடுவா அத்திவா எல்லாவற்றிலும் டர்போ எஞ்சின் வகை உண்டு. அவற்றுள் பழையவை இரண்டாம் கை, மூன்றாம் கை மாறித் தோட்டப்புறக் குடியிருப்புகளுக்கும் வந்துவிட்டன. டீசல் பிக்கப் வண்டிகளிலோ டர்போ இல்லாதது அபூர்வம். போதாக்குறைக்கு, நம் இளைஞர்கள் சிலர் பழைய கன்சில் காருக்குள் ஜப்பானிய டர்போ எஞ்சினைப் பொருத்திக்கொண்டு திரிகிறார்கள். ஆகவே இந்தக் குழாய்களைப் பற்றித் தெரிந்துகொள்வது இனி ஓட்டுநருக்கு மட்டும் உரிய வேலையல்ல. வீட்டில் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.

உறிஞ்சுவதும் ஊதுவதும்

பெட்ரோல் எஞ்சின் ஓட வேண்டுமானால் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலக்க வேண்டும். சாதாரண எஞ்சின் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. கடையில் நீங்கள் ஸ்ட்ரா வைத்துச் செண்டோல் உறிஞ்சுவதைப் போன்றது அது. காரை நிறுத்திச் சும்மா ஓடவிட்டிருக்கும் ஐட்லிங் நேரத்தில், எஞ்சினின் காற்றறையில் அழுத்தம் வெளிக்காற்றைவிட மிகவும் குறைந்துவிடும். வெளியில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கும். இதைத்தான் 'வேக்குவம்' என்கிறோம்.

டர்போ எஞ்சினில் கதை மாறுகிறது. புகைபோக்கி வழியே வீணாகப் போகும் சூடான வாயுவைக் கொண்டு ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றி, அதே அச்சில் மறுமுனையில் உள்ள காற்றாடியால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிறார்கள். இந்த யோசனைக்கு 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூஷி. அந்தச் சிறு காற்றாடி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் என்றால் அதன் வேகத்தை நினைத்துப் பாருங்கள்!

ஆகவே டர்போ எஞ்சினின் காற்றறை ஒரு நேரம் ஸ்ட்ராவைப் போல் உறிஞ்சுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்ததும் பலூனைப் போல் ஊதிப் புடைக்கிறது. அதனுடன் இணைந்த ஒவ்வொரு குழாயும் நாள் முழுதும் உள்ளே இழுக்கப்பட்டும் வெளியே தள்ளப்பட்டும் அல்லாடுகிறது. பக்கத்திலோ டர்போவின் அனல். நம் நாட்டு வெயில் வேறு. ரப்பர் எத்தனை ஆண்டு தாங்கும்? இறுகிப்போகும், வெடிப்பு விடும், நுனி தளர்ந்து கழன்றுவிடும்.

இன்னொரு பகைவனும் உண்டு. செம்பனைத் தோட்டத்தில் எலித்தொல்லை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எலிக்காகவே ஆந்தைக் கூடு கட்டிவைக்கும் தோட்டங்கள் உண்டே! அந்த எலி இரவில் சூடான எஞ்சின் பக்கம் ஒதுங்கும். கையோடு குழாயையும் கடித்து வைக்கும்.

கோளாறு எந்த நேரத்தில் வருகிறது?

வயிற்றுவலி என்று போனால் வைத்தியர் முதலில் கேட்பது, "சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?" என்பதுதானே? காருக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

நிற்கும்போது எஞ்சின் நடுங்குகிறது, சத்தம் ஏறி இறங்குகிறது, சில நேரம் நின்றும் போகிறது. ஆனால் சாலையில் ஓடும்போது அவ்வளவாகக் குறை தெரியவில்லை. அப்படியென்றால் ஸ்ட்ராவில் ஓட்டை. எங்கோ ஒரு வேக்குவம் குழாய் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது.

நிற்கும்போது ஒழுங்காக இருக்கிறது. ஆனால் தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது இழுவை இல்லை, 'உஸ்ஸ்' என்று ஒரு சீற்றம் கேட்கிறது, சில கார்களில் கரும்புகையும் வருகிறது. அப்படியென்றால் பலூனில் ஓட்டை. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் பெரிய குழாய்களில் ஒன்று பிளந்திருக்கலாம், அல்லது கழன்றிருக்கலாம்.

இரண்டு நேரத்திலும் தொல்லை என்றால், காற்றறையிலேயே மாட்டியிருக்கும் ஒரு குழாயைச் சந்தேகியுங்கள். நிற்கும்போது உள்ளே இழுக்கும் அதே ஓட்டைதான் ஓடும்போது வெளியே கக்குகிறது.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாலே பாதி வழி கடந்துவிட்டீர்கள்.

கவனிக்க வேண்டிய ஏழு குழாய்கள்

எல்லாக் கார்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலவற்றில் இவை எல்லாம் இருக்கும். சிலவற்றில் இரண்டொன்று குறையும். ஆயினும் ஒவ்வொன்றின் வேலையையும் தெரிந்துகொண்டால், எது கழன்றால் என்ன நடக்கும் என்பது தானே விளங்கும்.

முதலாவது, பிரேக் குழாய். பிரேக்கை எளிதாக மிதிக்க உதவும் வட்டப் பெட்டிக்கு வேக்குவம் கொண்டுபோவது இது. இதன் நடுவில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கும், உறிஞ்சவிடும், ஊதவிடாது. குழாய் வெடித்தாலும் வால்வு கெட்டாலும் பிரேக் கல்லைப்போல் இறுகிவிடும். ஆகவே இதை முதலில் பாருங்கள்.

இரண்டாவது, டர்போவின் கடிவாளக் குழாய். காற்றழுத்தம் அளவு மீறினால் புகைவாயுவை வேறு வழியே திருப்பிவிடும் கதவு ஒன்று டர்போவில் உண்டு. 'வேஸ்ட்கேட்' என்பது அதன் பெயர். அதைத் திறக்கச் சொல்லிச் சேதி கொண்டுபோவது ஒரு சிறு குழாய். பல கார்களில் இது கழன்றால் கதவு திறக்காது. டர்போ கடிவாளம் அறுந்த குதிரையாகிவிடும். "இன்றைக்குக் கார் என்னமாய்ப் பறக்கிறது!" என்று மகன் மகிழ்வான். அந்த மகிழ்ச்சி எஞ்சின் உடைவதில்தான் முடியும்.

மூன்றாவது, காற்றழுத்தத்தை அளக்கும் 'மேப்' சென்சாரின் குழாய். சில கார்களில் சென்சார் நேரே காற்றறையில் இருக்கும். சிலவற்றில் குழாய் வழி இணைந்திருக்கும். குழாய் கழன்றால் காரின் கணினிக்குப் பொய்க்கணக்கு போகும். நிற்கும்போது பெட்ரோலை அள்ளி ஊற்றும், கரும்புகை வரும். வேகமெடுக்கும்போதோ டர்போ ஊதுவதே அதற்குத் தெரியாது. பெட்ரோல் பற்றாமல் போகும்.

நான்காவது, பெட்ரோல் அழுத்தத்தைச் சரிசெய்யும் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாய். தோட்டத்தில் மருந்து அடித்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். எதிர்க்காற்று அடித்தால் பம்பின் அழுத்தத்தைக் கூட்டினால்தானே மருந்து போய்ச் சேரும்? அதுபோல, டர்போ காற்றைத் தள்ளும்போது அதற்கு எதிராகப் பீச்ச வேண்டிய பெட்ரோலின் அழுத்தமும் அதே அளவு கூட வேண்டும். சாதாரண நேரத்தில் 3 பார் என்றால், டர்போ 0.7 பார் ஊதும்போது 3.7 பார் வேண்டும். இந்தச் சின்னக் குழாய் கழன்றுவிட்டால் அழுத்தம் கூடாது. காற்று மிகுந்து பெட்ரோல் குறையும். எஞ்சினுக்குள் கூழாங்கல் குலுங்குவதுபோல் 'கடகட' ஒலி கேட்கும். அதைக் கேட்டும் மிதித்தால் பிஸ்டன் உருகி ஓட்டை விழும். இன்றைய கார்கள் பலவற்றில் ரெகுலேட்டர் பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே இருப்பதால் இந்தக் குழாய் இராது.

ஐந்தாவது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் தேங்கும் காற்றை வெளியேற்றும் வால்வுக்குப் போகும் குழாய். இது கெட்டால் கியர் மாற்றும் நேரத்தில் டர்போ பக்கம் படபடவென்று ஒலி வரும். சில நேரம் இழுவையும் குறையும்.

ஆறாவது, எஞ்சின் மூச்சுக் குழாய். எஞ்சினின் அடிவயிற்றில் சேரும் ஆவியைக் காற்றறைக்குக் கொண்டுபோவது. இதிலும் ஒருவழி வால்வு உண்டு. அது கெட்டால் டர்போவின் அழுத்தம் எஞ்சின் எண்ணெய் இருக்குமிடத்துக்கே போய், அங்குமிங்கும் எண்ணெயைக் கசியவிடும். எண்ணெய் அளக்கும் கம்பிகூட மேலே எழும்பி நிற்கும். "சீல் எல்லாம் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்று சொல்வதற்கு முன்பு இந்தச் சிறு வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏழாவது, பெட்ரோல் ஆவிக் குழாய். தொட்டியில் எழும் ஆவியைக் கரிப்பெட்டியில் பிடித்துவைத்து எஞ்சினுக்கு அனுப்புவது. இதில் வெடிப்பு என்றால் சொட்டுப் பெட்ரோல்கூடக் கண்ணில் படாது. ஆனால் வாடை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது இது. மகன் வாங்கிய பழைய டர்போ காரில் இழுவை போயிற்று. டர்போவை மாற்ற வேண்டும் என்றார்கள். கடன் வாங்கி மாற்றினார்கள். கார் அப்படியேதான் இருந்தது. பிறகு பார்த்த வயதான மெக்கானிக் ஒருவர், டர்போவிலிருந்து போகும் பெரிய குழாயின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பிளவு! குழாயை மாற்றியதும் கார் ஓடிற்று. கடன் மட்டும் மாதாமாதம் நின்றது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பகல் வெளிச்சம் வேண்டும். சாவியைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் நின்றிருந்தாலும் சில கார்களில் விசிறி தானாகச் சுழலும்.

முதலில் கண்ணால் பாருங்கள். குழாயின் நுனிகளில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா? வளைவுகளில் நசுங்கியிருக்கிறதா? எலிப்பல் தடம் உண்டா? பெரிய காற்றுக் குழாய்களின் இணைப்பில் புதிதாக எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா? காற்றோடு கொஞ்சம் எண்ணெய் ஆவியும் போவது இயல்பு என்பதால், கசியும் இடம் இப்படித் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, காற்றுக் குழாய்களை மட்டும் கையால் மெல்ல வளைத்துப் பாருங்கள். நல்ல குழாய் இசைந்து கொடுக்கும். கெட்டது முறுக்குப்போல் நொறுங்கும். அல்லது பிசுபிசுவென்று மாவாக இருக்கும். இரண்டும் மாற்ற வேண்டியவையே.

பிரேக் சோதனையைச் சமதரையில் செய்யுங்கள். கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, எஞ்சின் ஓடாத நிலையில் பிரேக்கை நான்கைந்து முறை மிதியுங்கள், இறுகிவிடும். அப்படியே மிதித்தபடி எஞ்சினை இயக்குங்கள். காலடியில் பிரேக் சற்றே இறங்கினால் வேக்குவம் வருகிறது என்று பொருள். இறங்காவிட்டால் காரை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

எஞ்சின் ஓடும்போது 'உஸ்' என்ற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை ஒவ்வோர் இணைப்பின் பக்கத்திலும் கொண்டுபோங்கள். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பாரே, அதே முறைதான். ஓட்டை இருக்கும் இடத்தில் சத்தம் பளிச்சென்று கேட்கும். ஆனால் சேலைத் தலைப்பு, துண்டு, தொளதொளச் சட்டை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் பக்கத்தில் போகக்கூடாது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பெட்ரோலையோ கார்புரேட்டர் கழுவும் ஸ்ப்ரேயையோ ஓடும் எஞ்சின்மீது அடிப்பவர்கள் இருக்கிறார்கள். சூடான டர்போவின் மேல் அது பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். பட்டறையில் இதற்கென்றே புகை விட்டுப் பார்க்கும் கருவி இருக்கிறது. எங்கே புகை கசிகிறதோ அங்கே ஓட்டை. பெரிய குழாய்களுக்குக் காற்றடைத்துச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பார்கள். சைக்கிள் டியூப் ஒட்டியவர்களுக்கு இது புதிதா என்ன?

வேக்குவம் குழாய் நுனியில் மட்டும் வெடித்து, நீளம் மிச்சமிருந்தால், ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். மாற்றுவதென்றால் உள்விட்டம் அதே அளவாக இருக்க வேண்டும். குழாயின் சுவர் மெல்லியதாக இருந்தால் உறிஞ்சும் நேரத்தில் சப்பிப்போய் அடைத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி, ஒன்றை மாட்டி, பிறகு அடுத்தது. அதற்கு முன் கைப்பேசியில் நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவழி வால்வைத் திருப்பி மாட்டிவிட்டால் பழைய கோளாறு போய்ப் புதிய கோளாறு வந்து சேரும்.

பெட்ரோல் குழாய்க்குக் கண்ணும் மூக்கும் போதும்

இதுவரை சொன்னது காற்றுக் குழாய். இனிச் சொல்வது பெட்ரோல் குழாய். இரண்டுக்கும் ஒரே நியாயம் அல்ல. காற்றுக் குழாயைக் கையால் பார்க்கலாம். பெட்ரோல் குழாயைக் கண்ணாலும் மூக்காலும்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்துக் கார்புரேட்டர் கார்களில் பெட்ரோல் அழுத்தம் அரை பார்கூட இராது. கசிந்தால் சொட்டும். இன்றைய பீச்சல் முறை எஞ்சினிலோ 3 பார், 4 பார் என்று நிற்கிறது. கசிந்தால் சொட்டாது, பனிபோல் தெளிக்கும். பக்கத்தில் நெருப்பாய்க் கொதிக்கும் டர்போ. எஞ்சின் நின்ற பிறகும் அந்த அழுத்தம் குழாய்க்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். கழற்றுபவர் முகத்தில் அடிக்கும். நேரடிப் பீச்சல் எஞ்சின்களில், உயர் அழுத்தப் பம்புக்கு அப்பால் 200 பாருக்கு மேலும் போகும். அந்தப் பக்கம் வீட்டுக்காரர் கையே வைக்கக்கூடாது.

அறிந்த மெக்கானிக் என்ன செய்வார் தெரியுமா? எஞ்சின் ஆறிய பிறகு பெட்ரோல் பம்பின் பியூஸை எடுத்துவிட்டு எஞ்சினை இயக்குவார். குழாயில் உள்ள பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானே நின்றுவிடும். மறுபடி ஒருமுறை ஸ்டார்ட் போட்டுப் பார்த்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றுவார். பிறகு இணைப்பைத் துணியால் சுற்றி மெல்லத் திறப்பார். இதில் ஒன்றும் செய்யாமல் வாயில் சிகரெட்டுடன் குழாயை இழுப்பவரிடம் உங்கள் காரை ஒப்படைக்காதீர்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகப் படர்ந்து வீட்டுக்குள் வரும். வீட்டு முன்புறத்தில் கார் வேலை நடக்கிறது, உள்ளே சாமி விளக்கு எரிகிறது, சமையற்கட்டில் கேஸ் அடுப்பு எரிகிறது, திண்ணையில் கொசுவத்திச் சுருள் புகைகிறது. நம் வீடுகளில் இதெல்லாம் தினமும் உள்ள காட்சிதானே? பற்றிக்கொள்ள இது போதும். ஆகவே பெட்ரோல் வாடை வந்தால் எஞ்சினை இயக்காதீர்கள். எந்த விளக்கையும் போட்டு அணைக்காதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீரில் மிதந்து தீயைப் பரப்பும். தூள் தீயணைப்பான் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையேல் விலகி நின்று 999-ஐ அழையுங்கள்.

காலையில் வழக்கத்தைவிட நெடுநேரம் ஸ்டார்ட் பிடிக்க வேண்டியிருக்கிறதா? இரவில் பெட்ரோல் அழுத்தம் எங்கோ இறங்கியிருக்கலாம். ரெகுலேட்டர் வேக்குவம் குழாய் உள்ள கார் என்றால், மெக்கானிக்கிடம் அதைக் கழற்றி முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அதில் பெட்ரோல் ஈரமோ வாடையோ இருந்தால் ரெகுலேட்டரின் உள்சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். பெட்ரோல் அந்த வழியே எஞ்சினுக்குள் நேராக ஒழுகிக்கொண்டிருக்கிறது.

நம் பால்மரத்து ரப்பர் இதற்கு ஆகாது

ரப்பரைப் பற்றி நமக்குத் தெரியாததா என்று கேட்பீர்கள். நம் பாட்டன் பூட்டன் காலம் முதல் சீவிய பாலில் செய்த இயற்கை ரப்பர் டயருக்கு உகந்தது, பெட்ரோலுக்குப் பகை. பெட்ரோலில் ஊறினால் உப்பும், இளகும், கிழியும். அதனால்தான் பெட்ரோல் குழாயை நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். ரேடியேட்டர் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ரப்பரும் பெட்ரோலுக்கு ஆகாது. பார்க்க நீலமாகவும் சிவப்பாகவும் அழகாக இருக்கும் சிலிகான் குழாய் காற்றுக்கு நல்லது, பெட்ரோலுக்குக் கூடாது.

கடையில் வாங்கும்போது குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்.ஏ.இ. 30ஆர்7 என்றால் அழுத்தம் குறைந்த பழைய முறைக்கு உரியது. 30ஆர்9 என்றால் பீச்சல் முறைக்கு உரியது. தொட்டிக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்க வேண்டிய குழாய்க்கு 30ஆர்10 வேண்டும். மூன்றும் பார்வைக்கு அண்ணன் தம்பிபோல் கறுப்பாகத்தான் இருக்கும். கிளிப்பிலும் கவனம் வேண்டும். பல்வெட்டு உள்ள சாதாரணக் கிளிப் குழாயைக் கடித்துக் கிழிக்கும். விளிம்பு மழுங்கிய, பீச்சல் குழாய்க்கென்றே செய்த கிளிப்பைக் கேளுங்கள். பெட்ரோல் குழாயைக் கம்பியாலோ பிளாஸ்டிக் கட்டாலோ கட்டுவது தற்கொலைக்குச் சமம். வெடித்த பெட்ரோல் குழாய்க்கு ஒட்டும் இல்லை, டேப்பும் இல்லை; புதிது ஒன்றே வழி.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயில் செய்த எரிபொருள் கலந்திருக்கிறது. 2011-இல் 5 விழுக்காட்டில் தொடங்கி, 2019-இல் 10 விழுக்காடானது. அதைத் தாங்கும்படி செய்யாத மிகப் பழைய ரப்பர் குழாய்கள் காலப்போக்கில் இளகும். பல டீசல் வண்டிகளில் தொட்டிக்கும் பம்புக்கும் இடையே உள்ள குழாய் உறிஞ்சும் குழாய். அதில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வராமலே காற்று உள்ளே போகும். காலையில் வண்டி கிளம்ப அடம்பிடிக்கும். ஆனால் எஞ்சின் மேலுள்ள உயர் அழுத்தக் கம்பிக் குழாய்களில் 1,000 பாருக்கும் மேல் அழுத்தம் உண்டு. கசிவைக் கையால் தடவிப் பார்த்தால் டீசல் ஊசிபோல் தோலுக்குள் புகுந்துவிடும். காயம் கொசுக்கடி அளவுதான் தெரியும். உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும்.

கன்சிலுக்குள் டர்போ வைக்கும் தம்பிகளுக்கு

1994 முதல் 2009 வரை வந்த கன்சில், ஜப்பானின் டைஹட்சு மீராவை ஒட்டிச் செய்த கார். அதனால் மீராவின் டர்போ எஞ்சின் அதில் பொருந்திவிடுகிறது. முன்பாதியாக வெட்டி வரும் 'ஹாஃப் கட்' எஞ்சினை வாங்கி மாற்றுகிறார்கள். தம்பி, மூன்று விஷயத்தை யோசித்துப் பார். அந்த எஞ்சினின் குழாய்கள் ஜப்பானில் எத்தனை ஆண்டு வெந்தவை? பல ஜப்பானியக் கார்களில் எந்தக் குழாய் எங்கே போகும் என்ற வரைபடம் பானெட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும்; உன் கன்சிலின் பானெட்டில் அந்தப் படம் ஏது? கார்புரேட்டர் கன்சிலுக்குப் போட்ட பழைய பெட்ரோல் குழாய் பீச்சல் முறை அழுத்தத்தைத் தாங்குமா? ஜே.பி.ஜே. அனுமதி இல்லாமல் எஞ்சின் மாற்றுவது குற்றம். விபத்து என்று வந்தால் காப்புறுதியும் கைவிரிக்கும். அம்மா அப்பாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகப்போகும் கார் அது என்பதை மறந்துவிடாதே.

பட்டறையில் கேட்க வேண்டியவை

படிக்காதவர், பெண்பிள்ளை, தோட்டத்துக்காரர் என்று யாரும் தயங்கவேண்டாம். பணம் கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. மரியாதையாகவே கேளுங்கள்.

"அண்ணே, டர்போவை மாற்றுவதற்கு முன்னால் குழாய்க் கசிவு சோதனை செய்தீர்களா? புகை விட்டுப் பார்த்தீர்களா, காற்றடைத்துப் பார்த்தீர்களா?"

"டர்போவின் அச்சு ஆடுகிறதா, காற்றாடி இதழ் உரசியிருக்கிறதா, எனக்குக் காட்ட முடியுமா?"

"மாட்டப்போகும் பெட்ரோல் குழாயில் என்ன அச்சிட்டிருக்கிறது? கழற்றிய பழைய பாகத்தை என்னிடம் தந்துவிடுகிறீர்களா?"

நேர்மையான மெக்கானிக் இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளமாட்டார், மகிழ்ச்சியோடு காட்டுவார். சினம் கொள்பவரிடமிருந்து காரை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போவதே உத்தமம்.

மாதம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் சூடேறுவதற்கு முன் பானெட்டைத் திறந்து பத்து நிமிடம் பாருங்கள். மகனோடு மகளையும் அழைத்து, எந்தக் குழாய் எதற்கு என்று சொல்லிக்கொடுங்கள். காற்றுக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். பெட்ரோல் குழாயை முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் அன்றைக்குக் கார் வீட்டிலேயே நிற்கட்டும். நீங்கள் பேருந்தில் போய் வாருங்கள்.